ஸ்டீயரிங் பட்டன் போட்டாச்சு, செட் கேட்கவில்லை: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் முறை

கார்களின் கீழ் வேரியன்ட்டில் ஸ்டீயரிங் வெறுமையாக வரும். வாங்கிய பிறகு ஆண்ட்ராய்டு செட் (டேஷ்போர்டில் வரும் தொடுதிரை ஸ்டீரியோ) மாட்டுபவர்கள் அதோடு ஸ்டீயரிங் பட்டனும் போட்டுக்கொள்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அதே காரின் மேல் வேரியன்ட்டுக்கு வரும் பட்டனை வாங்கி, கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் சுழன்றாலும் மின்தொடர்பு விடாமல் வைக்கும் சுருள் ரிப்பன்) வழியாக வயர் இழுத்துச் செட்டில் சேர்ப்பது. இன்னொன்று, காயின் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டனை ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டு, அதன் ரிசீவர் பெட்டியை டேஷ்போர்டுக்குள் செட்டோடு இணைப்பது. இரண்டிலும் பட்டனும் செட்டும் பேசிக்கொள்ளும் முறை ஒன்றுதான். அது புரிந்தால் கீழே வரும் பழுதுகளில் பாதியை மீட்டர் வைக்காமலே ஊகித்துவிடலாம்.

செட் எதைப் பார்க்கிறது?

செட்டுக்குப் பட்டன் என்று எதுவும் தெரியாது. கீ 1, கீ 2 என்று பெயர் ஒட்டிய இரண்டு வயர்களில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். செட்டுக்குள் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) அந்த வயரை 3.3 வோல்ட்டுக்கோ 5 வோல்ட்டுக்கோ தூக்கிப் பிடித்திருக்கும். பட்டனை அமுக்கும்போது அந்தப் பட்டனுக்குரிய ரெசிஸ்டர் வழியாக வயர் கிரவுண்டோடு (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்) சேரும், வோல்ட் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து, முன்பு கற்றுக்கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டு, "இது சத்தம் கூட்டு", "இது அடுத்த பாட்டு" என்று செட் முடிவு செய்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். தூக்கிப் பிடிப்பது 3.3 வோல்ட், உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், பட்டன் ரெசிஸ்டருக்கு ஏற்ப வயரில் நிற்கும் வோல்ட் இப்படி வரும்:

220 ஓம்: 0.15 வோல்ட்
470 ஓம்: 0.30 வோல்ட்
1 கிலோ ஓம்: 0.58 வோல்ட்
2.2 கிலோ ஓம்: 1.05 வோல்ட்
4.7 கிலோ ஓம்: 1.65 வோல்ட்
10 கிலோ ஓம்: 2.24 வோல்ட்
22 கிலோ ஓம்: 2.72 வோல்ட்
47 கிலோ ஓம்: 3.00 வோல்ட்
எதுவும் அமுக்காதபோது: 3.30 வோல்ட்

நடுவில் இருப்பவற்றுக்கு இடைவெளி தாராளம். இரண்டு ஓரங்களிலும் நெருக்கடி. சொந்தமாக ரெசிஸ்டர் போட்டுப் பட்டன் செய்பவர்கள், அதிகம் அமுக்கும் சத்தம் கூட்டு, குறை பட்டன்களுக்கு 1 முதல் 10 கிலோ ஓம் வரை உள்ள நடு மதிப்புகளைக் கொடுங்கள். எப்போதாவது தொடும் பட்டன்கள் ஓரத்துக்குப் போகட்டும். எட்டுப் பட்டன் இருந்தால் கீ 1-இல் நான்கு, கீ 2-இல் நான்கு என்று பிரித்துவிட்டால் நெருக்கடியே இல்லை. ஒரே வயரில் எட்டையும் திணிப்பது வேலை மிச்சம் போலத் தெரியும். பிறகு வரும் தொல்லைக்கு அதுதான் விதை.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் குழாய், வயரிங் சுற்றும் துணி டேப், டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பு. 1 சதவீத மெட்டல் பிலிம் ரெசிஸ்டர்கள், 100 நானோபேரட் செராமிக் கெப்பாசிட்டர் நான்கைந்து. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இவை சில்லறை விலைக்கே கிடைக்கும். வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் போதும்; ஆனால் பல இழை கொண்ட வளையும் வயராக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி வயர் ஸ்டீயரிங் பக்கத்தில் சீக்கிரம் முறியும்.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் இதைப் படித்த பிறகே கை வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அது வடியக் குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்லும் சர்வீஸ் கையேடுகள் பல. பத்து நிமிடம் விட்டுவிடுவது நல்லது. மஞ்சள் வயர், மஞ்சள் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் செருகி) எல்லாம் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரை வைத்து ஓம் பார்க்கவே கூடாது, ஏனென்றால் மீட்டர் விடும் சிறு மின்சாரமே ஆபத்தாகலாம். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்த்தபடி வையுங்கள். அது வெளியே இருக்கும்வரை பேட்டரியைச் சேர்க்கவோ சாவி போடவோ வேண்டாம்.

வயர்லெஸ் பட்டனை ஏர்பேக் மூடியின்மேல் ஒட்டாதீர்கள். ஏர்பேக் விரியும்போது அந்தப் பட்டன் நேராக முகத்தை நோக்கி வரும். வளையத்திலோ, மூடிக்கு வெளியே உள்ள ஆரக்காலிலோதான் அதற்கு இடம்.

முதலில் மூன்று அளவு

எந்த அறிகுறியானாலும் இந்த மூன்றையும் எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் செட்டை மாற்றியவர்கள், பட்டனை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

முதலாவது: பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, செட்டை ஆன் செய்து, கீ 1-க்கும் செட்டின் கிரவுண்டுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 3.3 அல்லது 5-ஐ ஒட்டி வர வேண்டும். கீ 2-க்கும் அப்படியே. பூஜ்யம் வந்தால் அது கீ வயர் அல்ல, அல்லது செட்டுக்குள் அந்தப் பகுதி போய்விட்டது. 12 வோல்ட் வந்தால் நீங்கள் பிடித்திருப்பது வேறு வயர். பட்டனை அதில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது: பட்டன் வயர் செட்டில் சேராமல் இருக்கும்போது, செட் பக்க முனையில் மீட்டரை வைத்து ஓம் பாருங்கள். அமுக்காதபோது திறந்த சர்க்யூட் வர வேண்டும். சில கம்பெனிப் பட்டன்களில் ஏற்கனவே ஒரு ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கும், அதில் ஒரு நிலையான மதிப்பு வரும், அதுவும் சரிதான். ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பிடித்து மதிப்பை எழுதுங்கள். பட்டனுக்குப் பக்கத்தில் அளக்காமல் செட் முனையில் அளப்பதற்குக் காரணம் உண்டு. வழியில் உள்ள கிளாக் ஸ்பிரிங், கப்ளர், ஜாயின்ட் எல்லாம் அந்த ஓர் அளவிலேயே சேர்ந்து வந்துவிடும்.

மூன்றாவது: எல்லாவற்றையும் சேர்த்து, செட் ஓடும்போது பட்டனை அமுக்கி வோல்ட் பாருங்கள். எந்த இரண்டு பட்டனுக்கும் இடையே 0.15 வோல்ட்டாவது வித்தியாசம் இருக்கட்டும்.

எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை, லேர்னிங் திரையில் (செட்டுக்குப் பட்டனைக் கற்றுக்கொடுக்கும் திரை) அசைவே இல்லை

முதலில் வயரைச் சந்தேகியுங்கள். ஆண்ட்ராய்டு செட்களில் வயரின் நிறத்தை நம்ப முடியாது; ஒரு தயாரிப்பில் பழுப்பு, இன்னொன்றில் வெள்ளை. வயரில் ஒட்டிய சீட்டையும் செட்டின் முதுகில் உள்ள படத்தையும் மட்டும் நம்புங்கள். சில செட்களில் கப்ளரில் இடம் இருக்கும், பின் போட்டிருக்க மாட்டார்கள். படம் பார்த்து அந்த இடத்தில் ஒரு பின் வயர் செருக வேண்டியிருக்கும்.

வயர் சரி, வோல்ட் 3.3 நிற்கிறது, பட்டனை அமுக்கினால் இறங்கவும் இல்லை என்றால், கிரவுண்ட் சேரவில்லை. பட்டன் கிரவுண்டைச் செட் கிரவுண்டோடு ஒரு துண்டு வயரால் தற்காலிகமாகச் சேர்த்துப் பாருங்கள். உயிர் வந்துவிட்டால் பழுது தெரிந்துவிட்டது.

வோல்ட் ஒழுங்காக இறங்குகிறது, திரை மட்டும் அசையவில்லையா? செட் அமைப்பில் கேன் பெட்டி (காரின் டிஜிட்டல் தகவலைச் செட்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் பெட்டி) தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். கேன் பெட்டி உள்ள வண்டி என்று செட் நினைத்துக்கொண்டால், பட்டன் தகவலை அந்தப் பெட்டியிடம் எதிர்பார்த்துக் கீ வயரைக் கவனிக்காமல் விடும் செட்கள் இருக்கின்றன. கேன் வகையை "இல்லை" என்று மாற்றி, செட்டை மறுதொடக்கம் செய்து, திரும்ப லேர்னிங் திரைக்குப் போங்கள்.

இரண்டாவது அளவில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஓம் மாறவே இல்லை என்றால், உங்கள் கையில் இருப்பது ரெசிஸ்டர் வகைப் பட்டனே அல்லாமல் இருக்கலாம். போக்ஸ்வேகன் குழுமத்தின் கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங் பட்டன் லின் என்ற ஒற்றை வயர் டிஜிட்டல் வழியில் பேசுகிறது. 12 வோல்ட், கிரவுண்ட், லின் என மூன்று வயர் இருக்கும். அதைக் கீ வயரில் நேரடியாகச் சேர்ப்பதில் பயன் இல்லை. இடையில் டீகோடர் வேண்டும்.

செட் ஆண்ட்ராய்டு அல்ல, பெயர் பெற்ற கம்பெனிச் செட் என்றால் கதை வேறு. பயனியரில் பின்னால் 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஒன்று இருக்கும். அதுவும் ரெசிஸ்டர் பார்க்கும் வகைதான், ஆனால் பெரும்பாலான செட்களில் கற்றுக்கொடுக்க முடியாது, அது எதிர்பார்க்கும் மதிப்பையே நாம் கொடுக்க வேண்டும். ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் இடையே 16 கிலோ ஓம் வந்தால் சத்தம் கூடும், 24 கிலோ ஓம் குறையும், 8 கிலோ ஓம் அடுத்த பாட்டு, 11.25 கிலோ ஓம் முந்தைய பாட்டு. கென்வுட், ஜேவிசி செட்களில் நீலம் மஞ்சள் கலந்த ஸ்டீயரிங் ரிமோட் வயர் ஒன்று வரும். அது எதிர்பார்ப்பது டிஜிட்டல் துடிப்பு. எந்த ரெசிஸ்டரைப் போட்டாலும் அது அசையாது. மெட்ரா ஆக்ஸெஸ் ஏஎஸ்டபிள்யூசி 1 போன்ற இன்டர்பேஸ் பெட்டி இடையில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

எல்லாப் பட்டனும் ஒரே வேலையைச் செய்கிறது

எந்தப் பட்டனை அமுக்கினாலும் சத்தம் கூடுகிறது, அல்லது இரண்டாவது பட்டனைக் கற்றுக்கொடுக்கும்போதே "ஏற்கனவே உள்ளது" என்கிறது. அப்படியானால் எல்லாப் பட்டனும் ஒரே வோல்ட்டைத்தான் கொடுக்கின்றன. ரெசிஸ்டர் இல்லாத வெறும் ஸ்விட்ச்சுகளை இணையாகச் சேர்த்திருந்தால் இப்படித்தான் வரும். எதை அமுக்கினாலும் பூஜ்யம். பட்டன் பலகையில் ரெசிஸ்டர் பகுதியைத் தாண்டி வயரைச் சால்டர் செய்திருந்தாலும் அப்படியே. வயர்லெஸ் வகை என்றால் ரிசீவரின் கிரவுண்டைப் பாருங்கள். அதை டேஷ்போர்டு இரும்பில் எங்கோ திருகியிருந்தால் கழற்றி, செட்டின் கறுப்பு வயரிலேயே சேருங்கள்.

பெயர்ப் பொருத்தம் பார்க்காமல் கீ 1-ஐயும் கீ 2-ஐயும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிடுவதும் உண்டு. வேலை செய்வது போலவே இருக்கும். இடது கைப் பட்டனும் வலது கைப் பட்டனும் ஜோடி ஜோடியாக ஒரே வேலையைச் செய்வதைக் கவனித்தால் பிடிபடும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தடுமாறுகிறது

இந்த ஓர் அறிகுறிக்குள் இரண்டு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நாள் கணக்கில் இழுக்கிறது.

பட்டனைத் தொடவே இல்லை, வளைவில் திருப்பும்போது சத்தம் தானாக ஏறுகிறது அல்லது பாட்டு மாறுகிறது என்றால், கீ வயர் எங்கோ கிரவுண்டைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. கிரவுண்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தொடாத பட்டன் தானாக வேலை செய்யாது, ஏனென்றால் அங்கே சர்க்யூட்டே திறந்து கிடக்கிறது (நிரந்தர ரெசிஸ்டர் உள்ள கம்பெனிப் பட்டன் மட்டும் விலக்கு). எனவே கிரவுண்டை விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங்கின் உட்புறத்தில் வயர் உரசி மேலுறை தேய்ந்த இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் பட்டனிலிருந்து நடுப்பகுதிக்கு வயர் நுழையும் இரும்பு விளிம்பில் இருக்கும். அங்கே இல்லையென்றால் கிளாக் ஸ்பிரிங்குக்குள் உள்ள ரிப்பன் விரிசல் விட்டிருக்கலாம். செட்டைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எந்தக் கோணத்தில் எண் துள்ளுகிறதோ அதுவே சாட்சி.

மாறாக, தொடாதவரை ஒன்றும் இல்லை. திருப்பிய நிலையில் "அடுத்த பாட்டு" அமுக்கினால் வேறு ஏதோ நடக்கிறது என்றால், கிரவுண்ட்தான் பழுது. ஏர்பேக் இல்லாத பல வண்டிகளில் ஹார்ன் கிரவுண்ட் ஸ்டீயரிங் தண்டின் இரும்பு வழியாகவே போகிறது. வேலையைச் சுருக்க, பட்டன் கிரவுண்டையும் அந்த இரும்பிலேயே திருகிவிடுகிறார்கள். தண்டோ பேரிங்கில் சுழல்கிறது. பேரிங்கில் கிரீஸ் இருக்கிறது. திருப்பத் திருப்ப அந்த வழியின் ஓம் மாறிக்கொண்டே இருக்கும். ஹார்ன் ரிலேக்கு அது பொருட்டே அல்ல. 220 ஓம் பட்டனுக்கோ கூடுதலாக 250 ஓம் சேர்ந்தால் அது 470 ஓம் பட்டனாகிவிடும். கிளாக் ஸ்பிரிங்கில் காலியாக உள்ள ஒரு பின்னைக் கிரவுண்டுக்கென்றே ஒதுக்கி, அதைச் செட்டின் கீ கிரவுண்டுக்கு நேராகக் கொண்டுபோங்கள். பாடி எர்த் வேண்டாம்.

கீழ் வேரியன்ட்டின் கிளாக் ஸ்பிரிங்கில் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் மட்டுமே பின் இருக்கும், உபரி இருக்காது. அப்போது அதே மாடலின் மேல் வேரியன்ட் கிளாக் ஸ்பிரிங் வாங்க வேண்டும். ஏர்பேக் வயரில் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாமா என்ற யோசனையே வேண்டாம். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கிளாக் ஸ்பிரிங்கும் வேண்டாம். அதன் ரிப்பன் எத்தனை ஆண்டு சுழன்று களைத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதே ரிப்பன்தான் விபத்தின்போது ஏர்பேக்குக்கும் சேதி சொல்ல வேண்டும். பணம் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

பகலில் சரி, ஹெட்லைட் போட்டால் தப்பான பட்டன்

பட்டனுக்குள் வெளிச்சம் தரும் எல்இடி, பார்க் லைட் வயரிலிருந்து 12 வோல்ட் எடுத்து, பட்டனோடு ஒரே கிரவுண்டைப் பகிர்ந்துகொள்கிறது. 40 மில்லியாம்ப் ஓடி, கிரவுண்ட் வழியில் 2 ஓம் இருந்தால், பட்டனின் கிரவுண்ட் 0.08 வோல்ட் உயர்ந்துவிடும். மேலே உள்ள கணக்கில் 0.15-இல் இருக்க வேண்டிய பட்டன் சுமார் 0.22-க்கு வந்து நிற்கும். அது 0.15-க்கும் 0.30-க்கும் கிட்டத்தட்ட நடுவே. செட் ஒருமுறை இதையும் ஒருமுறை அதையும் செய்வதில் வியப்பில்லை.

எல்இடிக்குத் தனிக் கிரவுண்ட் வயர் கொடுப்பதே முழுத் தீர்வு. பின் போதவில்லை என்றால், இருக்கும் கிரவுண்டின் ஜாயின்ட்டுகளைச் சால்டர் செய்து ஓமைக் குறைத்துவிட்டு, 220 ஓம் பட்டனை வேறு நடு மதிப்புக்கு மாற்றுங்கள்.

இந்த அறிகுறியைத் தள்ளிப் போடாதீர்கள். பகிர்ந்த கிரவுண்ட் ஒருநாள் முழுவதும் அறுந்தால், எல்இடி வழியாக வரும் 12 வோல்ட் போக வழியில்லாமல், அமுக்கிய பட்டன் வழியாகச் செட்டின் கீ பின்னுக்குள் போகும். 3.3 வோல்ட்டுக்குச் செய்த பின் அது. போனால் செட்டின் பலகையைத் திறக்க வேண்டியதுதான்.

ஒரு முறை அமுக்கினால் இரண்டு முறை வேலை, அல்லது பக்கத்துப் பட்டனின் வேலை

பழைய பட்டனில் இது வந்தால் ரப்பருக்கு அடியில் உள்ள கார்பன் வட்டு தேய்ந்திருக்கும். புதிதில் சில பத்து ஓம் இருக்கும் அந்தத் தொடர்பு, அழுக்கும் கை வியர்வையும் ஏறப் பல நூறு ஓம் ஆகிறது; அமுக்கும் பலத்துக்கு ஏற்ப மாறவும் செய்கிறது. மீட்டரில் மெல்ல அமுக்கியும் அழுத்தி அமுக்கியும் பாருங்கள். இரண்டுக்கும் எண் வேறாக வந்தால் பட்டனைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் வட்டையும் பலகையையும் துடையுங்கள். தேய்க்கக் கூடாது, கார்பன் உரிந்துவிடும்.

புதுப் பட்டனில் வந்தால் பெரும்பாலும் கற்றுக்கொடுத்த விதம். பட்டனை லேசாகத் தட்டிவிட்டுத் திரையைத் தொட்டிருப்பீர்கள். பட்டனை அழுத்திப் பிடித்தபடி, திரையில் மதிப்பு நிலைத்த பிறகு, வேலையைத் தேர்ந்து, அப்புறம் விடுங்கள். எஞ்சின் ஓடும்போது, ஏசி போட்டுக் கற்றுக்கொடுப்பது நல்லது. வண்டி ஓடும்போது இருக்கும் கிரவுண்ட் நிலையிலேயே செட் பழகும்.

டேஷ்கேம், மலிவு யுஎஸ்பி சார்ஜர் போன்றவற்றின் இரைச்சல் கீ வயரில் ஏறுவதும் உண்டு. அவற்றைப் பிடுங்கியதும் சரியானால், கீ வயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே, செட்டை ஒட்டியே, 100 நானோபேரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். "இன்னும் பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லது" என்று 10 மைக்ரோபேரட் போடுபவர்கள் உண்டு. அது தலைகீழாகிவிடும். 4.7 கிலோ ஓமோடு சேர்ந்து அது வோல்ட்டை மெல்ல மெல்ல மாற்றும். பட்டனை விட்டதும் வயர் 3.3-க்கு ஏறும் வழியில் மற்ற பட்டன்களின் வோல்ட்டையெல்லாம் கடந்து போகும், செட் வழியிலேயே எதையாவது பிடித்துக்கொள்ளும்.

இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் கட்டைவிரல் அமுக்கினாலும் மூன்றாவது மதிப்பு ஒன்று பிறக்கும். 1 கிலோ ஓமும் 2.2 கிலோ ஓமும் சேர்ந்தால் சுமார் 690 ஓம். நெருக்கமான பட்டன்களில் இதுவும் நடக்கிறது. அது வயரிங் பழுது அல்ல.

வெயிலில் நிறுத்தி எடுத்தால் மட்டும் தகராறு

ரெசிஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண கார்பன் ரெசிஸ்டர்கூட 40 டிகிரி சூடு ஏறினால் ஒன்றிரண்டு சதவீதம்தான் நகரும். பட்டன் மாறிப் போக அது போதாது. முறுக்கி விட்டு, பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்தான் குற்றவாளி. மூடிய காரின் சூட்டில் அந்த டேப்பின் பசை உருகி வழியும், சுற்று கழன்று நகரும், முறுக்குத் தளரும். எல்லா ஜாயின்ட்டையும் பிரித்துச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, மேலே துணி டேப் சுற்றுங்கள்.

சாவி எடுத்துப் போட்டால் கற்றது மறந்துவிடுகிறது

கற்றுக்கொடுத்த பிறகு சேமிக்கும் பட்டனை அமுக்கினீர்களா? பல செட்களில் திரையின் மூலையில் சின்னதாக இருக்கும், பின்னால் வந்துவிட்டால் எல்லாம் போய்விடும். அது சரியென்றால் செட்டின் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். இரண்டையும் ஒன்றாகச் சாவி வயரில் முறுக்கியிருந்தால் கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் சேர்ந்து மறக்கும். அதை வைத்தே கண்டுகொள்ளலாம். செட்டின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு ஒருமுறை மறந்தால் திரும்பக் கற்றுக்கொடுங்கள், போதும்.

வயர்லெஸ் பட்டன்: சில நேரம் கேட்கிறது, சில நேரம் இல்லை

பேட்டரியை முதலில் பாருங்கள். புது காயின் பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கும்போது 2.7-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். அமுக்காமல் அளந்தால் தீர்ந்த பேட்டரியும் நல்லது போலவே காட்டும். சிஆர் 2032 போட வேண்டிய இடத்தில் சிஆர் 2025 போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். வோல்ட் ஒன்றுதான், ஆனால் முன்னது 3.2 மில்லிமீட்டர் தடிமன், பின்னது 2.5. மேடு பள்ளத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

பேட்டரி சில வாரத்திலேயே தீர்கிறதென்றால் கட்டும் பட்டை ஏதோ ஒரு பட்டனை எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டிருக்கும். பட்டையைத் தளர்த்தி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

ரிசீவர் செட்டின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் திணிக்கப்பட்டிருந்தால் அலை போய்ச் சேராது. அதை வெளியே எடுத்து, ஸ்டீயரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடிக்கு அருகில் கட்டுங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் தொங்கும் ஒற்றை வயர் ஆன்டெனா சுமார் 17 சென்டிமீட்டர் இருக்கும். அது அந்த அலையின் கால் நீளம். சுருட்டி மடித்து வைக்காமல், வெட்டாமல், இரும்பிலிருந்து விலக்கி நீட்டி விடுங்கள்.

ஹார்ன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கு அணையவில்லை

கிளாக் ஸ்பிரிங்கை மையம் பார்க்காமல் மாட்டியிருந்தால் முதல் நாள் எல்லாம் சரியாக இருக்கும். எங்கோ ஒரு யூ திருப்பத்தில் ஸ்டீயரிங்கைக் கோடிவரை வளைத்ததும் உள்ளே ரிப்பன் அறுந்து, ஹார்ன், பட்டன், ஏர்பேக் மூன்றும் ஒன்றாகப் போகும். அறுந்த பிறகு மாற்றுவது தவிர வழி இல்லை. மாட்டும்போது முன் சக்கரம் நேராக இருக்க வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கை ஒரு பக்கக் கோடிவரை வற்புறுத்தாமல் சுற்றி, அங்கிருந்து மறு கோடி எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து, மூடியில் உள்ள இரண்டு குறிகளும் நேராக நிற்கும்படி மாட்ட வேண்டும். மொத்தம் ஐந்து சுற்றை ஒட்டி வரும் வண்டிகளில் கோடியிலிருந்து இரண்டரைச் சுற்று.

ஹார்ன் மட்டும் போனால் ஸ்டீயரிங் உள்ளே ஹார்ன் வயரின் செருகு கழன்றிருக்கும். தானாகவே அடித்துக்கொண்டிருந்தால் உங்கள் புது வயர் மூடிக்கும் இரும்புக்கும் இடையே நசுங்கியிருக்கும்.

ஏர்பேக் விளக்கு, கப்ளர் கழன்ற நிலையில் ஒருமுறை சாவி போட்டாலே எரிந்து நிலைத்துவிடும். கப்ளர்களின் பூட்டு முழுவதும் விழுந்திருக்கிறதா என்று, பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பிறகு பாருங்கள். இணைப்பு சரியாக இருந்தும் எரிந்தால், ஏர்பேக் குறியீட்டைப் படித்து அழிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். விளக்கை அணைக்க ஏர்பேக் கப்ளரில் ரெசிஸ்டர் செருகித் தரும் கடைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள். விளக்கு அணையும், விபத்தில் ஏர்பேக் விரியாது.

காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

வயரில் ஓடும் ரெசிஸ்டர் பட்டன் மின்சாரம் குடிக்காது. வயர்லெஸ் ரிசீவரின் சிவப்பு வயரை, செட்டின் மஞ்சள் வயரில் சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். அது சாவியோடு அணையும் சிவப்பு வயருக்குப் போக வேண்டும். உறுதிசெய்ய, பேட்டரி நெகட்டிவ்வுக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்ப் துளையில் வைத்து, கதவு பூட்டி, அரை மணி நேரம் வண்டியைத் தூங்க விடுங்கள். மீட்டர் இடையில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவோ ஹெட்லைட் போடவோ கூடாது. 50 மில்லியாம்புக்கு மேல் நின்றால் ரிசீவரின் கப்ளரைப் பிடுங்குங்கள். எண் விழவில்லை என்றால் கசிவு வேறெங்கோ. செட்டின் மஞ்சள் வயர் பியூஸை அடுத்துப் பிடுங்கிப் பாருங்கள்.